செஸ்டர் ஆர்தர்: கோஷ்டி அரசியலில் வளர்ந்தவர் அதற்கு எதிரான சட்டத்தில் கையெழுத்திட்டது எப்படி?

கேள்வி: செஸ்டர் ஆர்தர் என்று ஒரு அமெரிக்க அதிபர் இருந்தாராமே? பதவிகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போட்டே வளர்ந்தவர், அதிபரானதும் அந்த முறைக்கு எதிராகவே சட்டம் போட்டார் என்று படித்தேன். உண்மையிலேயே மனம் மாறினாரா? அவர் கனடாவில் பிறந்தவர், அதனால் அதிபராகவே தகுதியில்லாதவர் என்றும் சொல்கிறார்களே?

பதில்:

முதல் பகுதி உண்மைதான். 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஆர்தர். அமெரிக்க மத்திய அரசு வேலைகளில் ஒரு பகுதியைச் சிபாரிசிலிருந்து பிடுங்கித் தேர்வு முறைக்குக் கொண்டுவந்தது அந்தச் சட்டம். அதற்கு முன் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் பிழைப்பே சிபாரிசுதான். ஆனால் "ஒரே இரவில் திருந்திவிட்டார்" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் மாறியதைவிட, அவரைக் கட்டியிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தது பெரிய காரணம் என்பது என் கருத்து. அதைச் சொல்ல ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும்.

ஆர்தர் பிறந்தது 1829 அக்டோபர் 5, வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்ட் என்ற சிற்றூரில். அப்பா வில்லியம் அயர்லாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் போதகர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்துப் பிரசங்கம் செய்கிறவர், நாக்கும் கொஞ்சம் நீளம். அதனால் எந்த ஊர் சபையிலும் நெடுநாள் நிலைக்கவில்லை, குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. மகன் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1848-இல் பட்டம் வாங்கி, பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து, 1854-இல் நியூயார்க் நகரில் வக்கீலானார். சேர்ந்த அலுவலகம் எராஸ்டஸ் கல்வர் என்பவருடையது. அவரும் அடிமை முறை எதிர்ப்பாளர்.

அந்த வருடமே வந்த ஒரு வழக்கை அமெரிக்காவில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியை. 1854 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு ஆர்கன் வாசிக்கப் போகிறவர், குதிரை இழுக்கும் டிராமில் ஏறினார். நடத்துநர் இறங்கச் சொன்னார். மறுத்ததும் இழுத்து வெளியே தள்ளினார்கள், போலீஸ்காரரும் உடந்தை. வழக்கை நடத்தியது இருபத்து நான்கே வயதான ஆர்தர். 1855 பிப்ரவரியில் புரூக்ளின் நீதிமன்றத்தில் ஜென்னிங்ஸுக்கு 225 டாலர் இழப்பீடு கிடைத்தது. நிதானமாக, ஒழுங்காக நடந்துகொள்கிற பயணியை நிறத்தைக் காட்டி விலக்க முடியாது என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். அந்த டிராம் நிறுவனம் உடனே வழிக்கு வந்தது. மற்றவை அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்ததற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. இந்த இளைஞரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

1859-இல் எல்லன் ஹெர்ண்டனை மணந்தார். வீட்டில் 'நெல்' என்று அழைப்பார்கள், நல்ல பாடகி. வர்ஜீனியாக் குடும்பம். அவருடைய அப்பா அமேசான் நதியை ஆராய்ந்த கடற்படை அதிகாரி, 1857-இல் புயலில் மூழ்கிய 'சென்ட்ரல் அமெரிக்கா' கப்பலின் தலைவராக அதோடு போனவர். உள்நாட்டுப் போர் வந்தபோது ஆர்தர் வடக்கின் பக்கம், மனைவியின் உறவினர்கள் தெற்கின் பக்கம். ஆர்தர் போர்முனைக்குப் போகவில்லை. நியூயார்க் மாநிலத்தின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் என்ற பொறுப்பில், முனைக்குப் போகிற பல்லாயிரம் வீரர்களுக்கு உணவு, உடை, கூடாரம், தங்குமிடம் ஏற்பாடு செய்தார். கான்ட்ராக்டர்கள் கொழித்த காலம் அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் அவர் கை சுத்தமாக இருந்ததை எதிரிகளும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய கூட்டத்தை நிர்வகிப்பது, யாரையும் பகைக்காமல் வேலை வாங்குவது, இந்த இரண்டும்தான் அவருடைய உண்மையான திறமை. 1863 ஆரம்பத்தில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் வந்ததும் பதவி போயிற்று.

போருக்குப் பிறகு அவர் ஒட்டிக்கொண்டது ராஸ்கோ கான்க்ளிங் என்ற செனட்டரோடு. குடியரசுக் கட்சியின் நியூயார்க் கோஷ்டிக்குத் தலைவர் அவர். உயரம், கம்பீரம், அலங்காரமான பேச்சு, எல்லையில்லாத கர்வம். ஆர்தர் மேடையில் பேசுகிற ஆளே இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை சுருட்டுப் புகைக்கு நடுவே உட்கார்ந்து, எந்த வார்டில் யாருக்கு என்ன வேலை, யார் எவ்வளவு நிதி தர வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற ஆள். கான்க்ளிங்குக்கு வேண்டியது அப்படிப்பட்டவர்தான்.

1871-இல் அதிபர் கிராண்ட் ஆர்தரை நியூயார்க் துறைமுகத்தின் சுங்க கலெக்டராக நியமித்தார். இந்தப் பதவியின் கனம் இன்று நமக்கு எளிதில் புரியாது. அப்போது அமெரிக்காவில் வருமான வரி கிட்டத்தட்ட ஒழிந்துபோயிருந்தது. மத்திய அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இறக்குமதிச் சுங்கம். நாடு முழுவதும் வசூலான சுங்கத்தில் சுமார் முக்கால் பங்கு நியூயார்க் துறைமுகம் ஒன்றிலேயே வந்தது. அந்த அலுவலகத்தில் ஏறக்குறைய ஆயிரம் வேலைகள், எல்லாமே கட்சி கொடுத்தவை. வேலை கிடைத்தவர் தேர்தல் நேரத்தில் சம்பளத்தில் சில சதவீதத்தைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். பெயர் என்னவோ 'விருப்ப நன்கொடை'. கட்டாதவர் வேலையில் நீடிப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இதற்கு மேல் பங்கு முறை ஒன்று இருந்தது. இறக்குமதி செய்த வியாபாரி கணக்கை மறைத்ததாகப் பிடிபட்டால், அபராதத்தில் ஒரு பங்கு துப்புக் கொடுத்தவருக்கும், இன்னொரு பங்கு கலெக்டர் உட்பட மூன்று மேலதிகாரிகளுக்கும் போகும். அதாவது வியாபாரி தப்புச் செய்தால் கலெக்டர் வீட்டில் விருந்து. இதனால் ஆர்தரின் ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தொட்டதாகக் கணக்கிடுகிறார்கள். 1873 வரை நாட்டின் அதிபருக்கே சம்பளம் 25,000 டாலர்தான்! ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற உலோக வியாபார நிறுவனத்தின் விவகாரம்தான் இதைச் சந்திக்கு இழுத்தது. அவர்கள் ஏய்த்ததாகச் சொல்லப்பட்ட வரி மிகச் சின்னத் தொகை. ஆனால் சட்டத்தின் பிடியில் சரக்கு முழுவதும் பறிமுதலாகும் என்று மிரட்டியதில், நிறுவனம் 2,71,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஆர்தரின் பங்கு மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். வியாபாரிகள் கொதித்ததில் 1874-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பங்கு முறையையே ஒழித்து, கலெக்டருக்கு 12,000 டாலர் நிலையான சம்பளம் என்று வைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆர்தர் லஞ்சம் வாங்கினார் என்று யாரும் நிரூபித்ததில்லை. அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் சட்டம் அனுமதித்தது. முறையே அழுகியிருந்தது, அதற்குள் அவர் நாசூக்காக உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கு நண்பகல் தாண்டித்தான் வருவார், உடை மட்டும் குறையே சொல்ல முடியாது.

1877-இல் அதிபரான ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் இந்தக் கோட்டையை உடைக்கத் தீர்மானித்தார். விசாரணைக் குழு வந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் தேவையே இல்லை என்றது. ஆர்தர் பதவி விலக மறுத்தார். ஹேய்ஸ் வேறொருவரை நியமித்தபோது கான்க்ளிங் செனட்டில் அதைத் தோற்கடித்தார். அந்த வேறொருவர் யார் தெரியுமா? தியோடர் ரூஸ்வெல்ட்டின் அப்பா. பெயரும் அதே பெயர்தான். நியமனம் தோற்ற சில வாரங்களில், 1878 பிப்ரவரியில், இறந்துபோனார். மகன் பின்னால், பெண்டில்டன் சட்டம் அமைத்த தேர்வாணையத்தில் உறுப்பினராகி, அப்புறம் அதிபரும் ஆனார். ஹேய்ஸ் விடவில்லை. 1878 ஜூலையில் செனட் விடுமுறையில் இருந்தபோது ஆர்தரைத் தூக்கிவிட்டார். ஆர்தர் தன் தரப்பில், முந்தைய கலெக்டர்களைவிடத் தான் மிகக் குறைவான பேரையே வேலை நீக்கம் செய்ததாக எழுதிக் கொடுத்தார். அதுவும் பொய்யில்லை. அவர் நடத்திய கடை கொஞ்சம் ஒழுங்கான கடை, விற்ற சரக்குதான் கோளாறு.

1880 ஜனவரியில் நெல் நிமோனியாவில் இறந்தார், வயது 42. ஆர்தர் அரசியல் வேலையாக மாநிலத் தலைநகரான ஆல்பனியில் இருந்தார். தகவல் கிடைத்துக் கிடைத்த ரயிலில் ஓடி வந்தபோது மனைவிக்கு நினைவில்லை. ராத்திரிகளை எல்லாம் கட்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு அவரை விடவே இல்லை என்று நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அதே ஆண்டு ஜூனில் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. கான்க்ளிங் கோஷ்டிக்கு 'ஸ்டால்வர்ட்' என்று பெயர், கிராண்டை மூன்றாவது முறை அதிபராக்க நின்றார்கள். எதிர்கோஷ்டிக்கு ஜேம்ஸ் பிளெய்ன். இழுபறி 36 சுற்று வாக்கெடுப்பு வரை போய், யாரும் எதிர்பாராத ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வேட்பாளரானார். நியூயார்க்கைச் சமாதானப்படுத்தத் துணை அதிபர் இடத்தை அந்தக் கோஷ்டிக்குக் கொடுக்க நினைத்தார்கள். வந்து கேட்டது ஆர்தரை. கான்க்ளிங் கோபத்தில், கார்ஃபீல்ட் எப்படியும் தோற்பார், உலையிலிருந்து எடுத்த செக்கச்சிவந்த லாடத்தை உதறுவது போல இதை உதறிவிடு என்றார். ஆர்தர், துணை அதிபர் பதவி என்பது நான் கனவிலும் நினைக்காத கௌரவம், ஏற்கத்தான் போகிறேன் என்று பதில் சொன்னார். கான்க்ளிங்கின் பேச்சை அவர் முதன்முதலாகத் தட்டியது அங்கேதான். 'அதிபரானதும் மாறினார்' என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தேர்தலில் மக்கள் வாக்கில் கார்ஃபீல்ட் ஜெயித்தது பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். நிதி திரட்டும் வேலையைத் தலைமேல் போட்டுச் செய்தவர் ஆர்தர், பழைய பாணியிலேயே, அரசு ஊழியர் சம்பளத்திலிருந்து. 1881 பிப்ரவரியில் நியூயார்க்கின் டெல்மோனிகோ உணவகத்தில் ஒரு வெற்றி விருந்து நடந்தது. அங்கே பேசிய ஆர்தர், இந்தியானா மாநிலத்தை எப்படி ஜெயித்தோம் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் இருப்பதால் விவரமாகச் சொல்ல முடியாது என்று கண்ணடிக்காத குறையாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. பதவியேற்கப்போகும் துணை அதிபர் பேசுகிற பேச்சா இது!

அடுத்த சில மாதங்கள் இன்னும் மோசம். கார்ஃபீல்ட், நியூயார்க் சுங்க கலெக்டர் பதவிக்கே கான்க்ளிங்கின் விரோதியான வில்லியம் ராபர்ட்சனை நியமித்தார். கான்க்ளிங் கொதித்துப்போய், தாமஸ் பிளாட் என்ற சக செனட்டரோடு மே 16 அன்று ராஜினாமா செய்தார். அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுப்பது மாநில சட்டமன்றம். அது தன்னை உடனே மறுபடி அனுப்பி வைக்கும், அதிபர் மூக்கு உடையும் என்று கணக்குப் போட்டார். கணக்கு தப்பியது. சட்டமன்றம் வாரக்கணக்கில் இழுத்தடித்தது. இந்த நேரத்தில் நாட்டின் துணை அதிபர் என்ன செய்தார்? ஆல்பனிக்குப் போய், தன் அதிபருக்கு எதிராக, கான்க்ளிங்குக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையிலேயே வெட்கப்பட வேண்டிய கட்டம் எது என்று கேட்டால் சுங்க அலுவலகத்தை அல்ல, இதைத்தான் சொல்வேன்.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலைந்து, கிடைக்காமல் புத்தி பேதலித்தவன். தேர்தலின்போது நியூயார்க் கட்சி அலுவலகத்தில் ஆர்தரைச் சுற்றிச் சுற்றி வந்தவனும்கூட. பிடிபட்டபோது, "நான் ஸ்டால்வர்ட், இனி ஆர்தர்தான் அதிபர்" என்று சொன்னான். அதே காலையில் ஆல்பனியிலிருந்து படகில் நியூயார்க் வந்து இறங்கிக்கொண்டிருந்தார் ஆர்தர், பக்கத்தில் கான்க்ளிங். இதைவிடக் கெட்ட நேரம் ஒரு மனிதனுக்கு வர முடியாது. கொலையில் இவருக்கும் பங்குண்டோ என்று தெருவில் பேசினார்கள். பத்திரிகைகள் கிழித்தன. மிரட்டல்கள் வந்தன.

கார்ஃபீல்ட் உடனே சாகவில்லை. மருத்துவர்கள் கழுவாத கையை விட்டுக் குண்டைத் தேடித் தேடிச் சீழ் வைக்க, ஜூலை 2-லிருந்து செப்டம்பர் 19 வரை இழுத்துக்கொண்டிருந்தார். அதிபர் செயலிழந்தால் துணை அதிபர் பொறுப்பேற்கலாமா என்பதில் அரசியல் சட்டம் அப்போது தெளிவாக இல்லை. ஆர்தர் ஏற்கவே மறுத்து, நியூயார்க்கில் தன் வீட்டிலேயே ஒதுங்கியிருந்தார். பார்க்கப் போனவர்கள் அழுது வீங்கிய முகத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த ஒதுங்கல் ராஜதந்திரமா, பயமா, துக்கமா என்று பிரிக்க முடியாது. ஆனால் அவர் மீதான சந்தேகம் தணிய ஆரம்பித்தது அதனால்தான்.

செப்டம்பர் 20 அதிகாலை இரண்டேகால் மணிக்கு, லெக்சிங்டன் அவென்யூ 123-ஆம் எண் வீட்டில், மாநில நீதிபதி ஒருவர் முன்னால் பதவியேற்றார். அந்த நிமிடத்தில் நாட்டில் ஒரு விநோத நிலைமை. செனட்டுக்குத் தற்காலிகத் தலைவர் தேர்வாகவில்லை, புதிய பிரதிநிதிகள் சபை கூடாததால் சபாநாயகரும் இல்லை. ஆர்தர் ரயிலில் போகும்போது இறந்தால் அதிபராக ஆளே கிடையாது. அதனால் செனட்டைக் கூட்டும் உத்தரவு ஒன்றை எழுதி, 'அதிபர், வாஷிங்டன்' என்று முகவரி போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டுக் கிளம்பினார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் அதைக் கிழித்துவிட்டார். நிர்வாகி என்றேனே, இதுதான்.

இந்த இடத்தில் ஜூலியா சாண்டைச் சொல்லாமல் போக முடியாது. நியூயார்க்கில் நோயாளியாக வீட்டோடு முடங்கியிருந்த, முப்பதைத் தாண்டிய பெண். ஆர்தருக்கு முன்பின் அறிமுகம் இல்லை. ஆகஸ்ட் 27 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் துயரத்தில் குனிந்திருப்பது கார்ஃபீல்ட் சாகிறார் என்பதற்காக அவ்வளவு அல்ல, அவருக்கு அடுத்து நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக என்று நேராகவே எழுதினார். அதிபராக்கினால் மனிதன் மாறமாட்டான் என்கிறார்கள், ஆனால் மாற முடியும், சீர்திருத்துங்கள் என்றார். 1883 வரை 23 கடிதங்கள். ஒன்றுக்கும் ஆர்தர் பதில் எழுதியதாகத் தடயமில்லை. ஆனால் 1882 ஆகஸ்ட் 20 மாலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வண்டி கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார். பதறிப்போன ஜூலியா திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார் அதிபர். ஆர்தர் அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது அவருடைய பேரன் மூலம்தான் உலகத்துக்குத் தெரிந்தது, 1958-இல்.

அழகான கதை. அதனாலேயே அதற்குத் தாங்க முடியாத பாரத்தை ஏற்றிவிடுகிறார்கள். ஒரு கடிதம் ஒரு மனிதனைக் குத்தலாம், சட்டத்தை நிறைவேற்றித் தராது.

சட்டம் நிறைவேறியது எப்படி என்று பாருங்கள். முதலில் கான்க்ளிங். ஆல்பனி அவரைக் கைவிட்டது, செனட் பதவி திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆர்தர் அதிபரானதும், ராபர்ட்சனைத் தூக்கிவிட்டுச் சுங்க அலுவலகத்தை நம் ஆட்களிடம் கொடு என்று வந்து கேட்டார். ஆர்தர் மறுத்தார். மறுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கிட்டோவின் துப்பாக்கியால் கிடைத்த பதவியை வைத்து, கிட்டோ சொன்ன கோஷ்டிக்கே பரிசு கொடுத்ததாகத்தான் நாடு பார்த்திருக்கும். நல்ல எண்ணம் இருந்ததோ இல்லையோ, வேறு வழி இல்லை. பதிலுக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியைக் கொடுத்துப் பார்த்தார். செனட்டும் ஒப்புதல் தந்தது. கான்க்ளிங் வேண்டாம் என்று வீசிவிட்டார். கடன் அத்தோடு தீர்ந்தது.

அடுத்து 1882 நவம்பர் தேர்தல். வேலை கிடைக்காதவன் அதிபரைச் சுட்டான் என்பதை மக்கள் மறக்கவில்லை. பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது. நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஆர்தரின் நிதி அமைச்சரே நின்று, குரோவர் கிளீவ்லாந்திடம் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வாக்கில் தோற்றார். 1884-இல் அதிபர் பதவியும் போகலாம் என்று குடியரசுக் கட்சிக்காரர்களுக்குப் புரிந்தது. போனால் புதிதாக வருகிறவர் நம் ஆட்களை ஒட்டுமொத்தமாக வெளியே தள்ளுவார். இப்போதே சட்டம் போட்டுவிட்டால்? இருக்கிறவர்கள் தப்பிப்பார்கள். முந்தைய டிசம்பரில் சீர்திருத்தம் என்றால் முகம் சுளித்த அதே காங்கிரஸ், இந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் சரசரவென்று நிறைவேற்றியது. செனட்டில் 38-க்கு 5, சபையில் 155-க்கு 47. மசோதாவைக் கொண்டுவந்த ஜார்ஜ் பெண்டில்டன் ஒஹாயோவின் ஜனநாயகக் கட்சி செனட்டர்.

ஆர்தரின் சொந்தப் பங்கு அதற்குப் பிறகுதான் பெரிது என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட சட்டத்தைக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊறப்போடுவது எளிது. அவர் தேர்வாணையத்தின் தலைவராக டார்மன் ஈட்டனைப் போட்டார். ஈட்டன் இந்தச் சீர்திருத்தத்துக்காகவே வாழ்ந்த வக்கீல். ஹேய்ஸ் காலத்தில் பிரிட்டனுக்குப் போய் அங்குள்ள போட்டித் தேர்வு முறையை ஆராய்ந்து வந்தவர். அந்த பிரிட்டிஷ் முறைக்கு முன்னோட்டமாக இருந்தது 1855-இல் லண்டனில் தொடங்கிய இந்திய சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வு என்பது நம்மவர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி.

சட்டம் முதலில் தொட்டது மத்திய அரசு வேலைகளில் சுமார் பத்து சதவீதம் மட்டுமே. வாஷிங்டன் துறைகளின் எழுத்தர்கள், ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள சுங்க அலுவலகங்கள், தபால் நிலையங்கள். நியூயார்க் சுங்க அலுவலகமும் இதில் அடக்கம்! ஊழியரிடம் கட்சி நிதி வசூலிப்பதற்கும் தடை வந்தது. மீதித் தொண்ணூறு சதவீதம்? சட்டத்தில் ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருந்தார்கள்: அதிபர் விரும்பினால் உத்தரவு போட்டு மேலும் வேலைகளைத் தேர்வு வளையத்துக்குள் கொண்டுவரலாம். அதன்பின் வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு அதிபரும் தன் ஆட்களைக் காப்பாற்ற வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் போனார். சுயநலத்தாலேயே இருபது ஆண்டுகளில் வளையம் பாதி வேலைகளை எட்டியது.

அவருடைய மற்ற பதவிக் காலத்தை வேகமாகச் சொல்கிறேன். தபால் ஒப்பந்த ஊழலில் தன் கட்சிப் பிரமுகர்கள் மீதே வழக்கு நடத்தினார். அதில் ஒருவரான ஸ்டீபன் டோர்சி, அந்த டெல்மோனிகோ விருந்தின் நாயகர். ஜூரி விடுவித்துவிட்டது என்பது வேறு. தொகுதிக்குத் தொகுதி பணம் இறைத்த ஆறு, துறைமுக மசோதாவை 1882 ஆகஸ்டில் ரத்து செய்தார், காங்கிரஸ் மறுநாளே அதை மீறி நிறைவேற்றியது. மரக்கப்பல்களோடு நின்றுபோயிருந்த கடற்படைக்கு 1883-இல் நான்கு எஃகுக் கப்பல்கள் அனுமதியாயின. நவீன அமெரிக்கக் கடற்படையின் தொடக்கம் அதுதான்.

கறை எது என்றால், சீனர் விலக்குச் சட்டம். இருபது ஆண்டுகளுக்குச் சீனத் தொழிலாளர் வரவைத் தடுக்கும் மசோதாவை 1882 ஏப்ரலில் நிராகரித்தார், சீனாவோடு செய்த ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று. மேற்கு மாநிலங்களில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். ஒரு மாதத்தில் அதையே பத்து ஆண்டாகக் குறைத்துக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீட்டித்து நீட்டித்து அது 1943 வரை உயிரோடு இருந்தது.

அப்புறம் அந்த 1855 இளைஞர். 1883 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ரயிலிலும் விடுதியிலும் கறுப்பினத்தவரை ஒதுக்கக் கூடாது என்ற 1875 சட்டத்தை 8-க்கு 1 என்று ரத்து செய்தது. அந்த எட்டில் இருவர், ஹோரஸ் கிரேயும் சாமுவேல் பிளாட்ச்ஃபோர்டும், ஆர்தர் நியமித்தவர்கள். புதிய சட்டம் கொண்டுவந்தால் ஆதரிப்பேன் என்று காங்கிரஸுக்கு எழுதினார். சட்டம் வரவில்லை, அவரும் அதற்காக மல்லுக்கட்டவில்லை. டிராம் வழக்கை ஜெயித்தவருக்கு இது போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளை மாளிகையின் நிலைமையைப் பார்த்து, பழைய சாமான்களை 24 வண்டிகளில் ஏற்றி ஏலம் போட்டுவிட்டு, லூயிஸ் டிஃபனி என்ற அலங்காரக் கலைஞரை வைத்துப் புதுப்பித்தார் என்பது பலரும் விரும்பிச் சொல்லும் தகவல். விருந்துகள் நள்ளிரவு தாண்டும். நெல்லின் படத்துக்கு முன்னால் தினமும் புதுப் பூ வைக்கச் சொல்லியிருந்தார்.

வெளியே யாருக்கும் தெரியாத செய்தி, 1882-லேயே அவருக்குச் சிறுநீரக நோய் முற்றிக்கொண்டிருந்தது. பிரைட்ஸ் நோய் என்பார்கள், அன்றைக்கு மருந்தில்லை. பத்திரிகையில் கசிந்தபோது மறுத்தார். 1884-இல் வேட்பாளராகப் பெயர் கொடுத்தார், ஆனால் ஜெயிக்கிற மாதிரி உழைக்கவில்லை. நான்காவது சுற்றில் பிளெய்ன் வென்றார், தேர்தலில் கிளீவ்லாந்திடம் தோற்றார். கயிறுகள் அறுந்தன என்றேனே, கடைசிக் கயிறு இது. மறுபடி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிற அதிபரிடம் கோஷ்டிகள் பேரம் பேசலாம். இவரிடம் பேச என்ன இருந்தது?

1886 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் இறந்தார், வயது 57. அதற்கு இரண்டு நாள் முன்பு, தன் சொந்தக் காகிதங்கள் பெரும்பாலானவற்றை எரிக்கச் செய்தார். சுங்க அலுவலகக் காலத்தைப் பற்றி அவர் மனதில் என்ன இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு அதனால்தான் கிடைப்பது குறைவு. ஜூலியாவின் கடிதங்கள் தீயிலிருந்து தப்பியதை வைத்து 'மனம் திருந்தினார்' கட்சிக்காரர்கள் வாதாடுகிறார்கள். அது அவர்களுடைய பலமான வாதம், மறுக்கவில்லை. கான்க்ளிங் 1888 மார்ச் பனிப்புயலில் வண்டிக்காரன் கேட்ட கூலி அதிகம் என்று நடந்தே போய், உடல்நிலை கெட்டு அடுத்த மாதம் இறந்தார்.

கடைசியாக, கனடா. இந்தப் புரளியைக் கிளப்பியவர் ஆர்தர் ஹின்மன் என்ற வக்கீல், ஜனநாயகக் கட்சிக்காக 1880 தேர்தலில் தோண்டியவர். முதலில் அயர்லாந்தில் பிறந்தார் என்றார், எடுபடவில்லை. பிறகு கனடா என்றார். ஃபேர்ஃபீல்ட் எல்லைக்குப் பக்கத்து ஊர், பெற்றோர் சில காலம் கியூபெக்கில் இருந்தவர்கள், அதனால் கேட்பவருக்கு நம்பும்படி இருந்தது. ஆதாரம் ஒன்றும் தேறவில்லை. குடும்ப பைபிளில் பிறந்த தேதி 1829 என்று இருக்கிறது. ஆர்தர் தானே 1830 என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வயது இளமையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. பழைய நூல்கள் பலவற்றில் இன்னும் 1830 என்று இருப்பதற்குக் காரணம் அதுதான், பார்த்தால் குழம்ப வேண்டாம்.